லிவர் செல் சாகறது பிரச்சனை இல்ல, எப்படி சாகுதுங்கறது தான் பிரச்சனை

எல்எஃப்டின்னு சொல்ற லிவர் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்ல எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடின்னு ரெண்டு வரி வரும். அது கொஞ்சம் ஏறிருந்தா போதும், மும்பைல மாட்டுங்கால இருந்து முலுண்ட் வரைக்கும் நம்ம ஆளுங்க வாட்ஸப் குரூப்ல ஆளாளுக்கு ஒரு கஷாயம் சொல்ல ஆரம்பிச்சுடுவாங்க. ஆனா அந்த நம்பர் எதை அளக்குதுன்னு கேட்டுப் பாருங்க, பாதிப் பேரு "லிவர் எவ்வளவு நல்லா வேலை செய்யுதுன்னு" சொல்லுவாங்க. அது இல்ல. எஸ்ஜிபிடியும் எஸ்ஜிஓடியும் லிவர் செல்லுக்கு உள்ளாற இருக்க வேண்டிய என்சைம். செல்லோட சவ்வு கிழிஞ்சாலோ செல் செத்தாலோ அது ரத்தத்துல கசியும், கசிஞ்சதைத் தான் லேப்ல அளக்கறாங்க. லிவரோட வேலைத் திறமையைப் பாக்கணும்னா அல்புமின், பிலிருபின், ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்கற டெஸ்ட்) இதையெல்லாம் பாக்கணும். அதாவது எஸ்ஜிபிடிங்கறது ஒரு வகையில லிவருக்குள்ள நடக்கற சாவுக் கணக்கு, அதுவும் முழுக் கணக்கு இல்ல, ஏன்னா சில சாவு கசியாமலே நடக்கும். அந்த வித்தியாசத்தைப் பத்தி தான் இங்க எழுதப் போறேன், பயாலஜி பத்தாவதோட விட்டவங்களுக்கும் புரியற மாதிரி.

முதல்ல ஒண்ணு, செல் சாகறது நோய் இல்ல. லிவர் சுமார் ஒன்றரை கிலோ உறுப்பு, அதுல பெரும்பாலான எடை ஹெபடோசைட்டுன்னு சொல்ற முக்கியமான வேலைக்கார செல்லுங்களோடது தான், அதுங்க பழசாகி செத்து புதுசு வந்துட்டே இருக்கும். ஜெர்மனில டிரெஸ்டன்ல ஒரு குழு 2022-ல ஒரு அழகான வேலை பண்ணாங்க. 1950, 60-கள்ல நடந்த அணுகுண்டு சோதனையால காத்துல கலந்த ரேடியோ கார்பன் நம்ம டிஎன்ஏவுலயும் ஏறிருக்கு இல்லையா, அதை வெச்சு லிவர் செல்லோட வயசைக் கணக்குப் போட்டாங்க. 20 வயசுக்காரரா இருந்தாலும் 84 வயசுக்காரரா இருந்தாலும் லிவர் செல்லோட சராசரி வயசு மூணு வருஷத்துக்கும் கீழ தான். எண்பது வயசு தாத்தாவோட லிவரும் சின்னப் பிள்ளை தான்!

அப்போ நோய் எங்க வருது? சாகற விதம் மாறும்போதும், சாகற வேகம் பொறக்கற வேகத்தைத் தாண்டும்போதும் வருது.

சாவுல முக்கியமா ரெண்டு விதம். ஒண்ணு அப்போப்டோசிஸ். செல் தானே முடிவு பண்ணி, சுருங்கி, டிஎன்ஏவைத் துண்டாக்கி, தன்னைச் சின்னச் சின்ன பொட்டலமா பிரிச்சுக்கும். சவ்வு கிழியாது, உள்ள இருக்கறது வெளிய சிந்தாது, பக்கத்து செல்லுங்களும் குப்ஃபர் செல்லுன்னு லிவருக்குள்ளயே குடியிருக்கற ஒரு வகை வெள்ளை அணுவும் அந்தப் பொட்டலத்தை முழுங்கிடும். இன்னொண்ணு நெக்ரோசிஸ். செல் வீங்கி, சவ்வு வெடிச்சு, உள்ள இருந்த எல்லாமே வெளிய கொட்டும். அதைப் பாத்ததும் உடம்போட பாதுகாப்புப் படை ஓடி வந்து வீக்கம், அழற்சின்னு ஒரு பெரிய கலாட்டா பண்ணும்.

இதுல சுவாரஸ்யம் என்னன்னா, அப்போப்டோசிஸ்ங்கறதையே விஞ்ஞானிங்க கண்டுபிடிச்சது லிவர்ல தான். ஜான் கெர்னு ஒரு ஆஸ்திரேலிய பேத்தாலஜிஸ்ட், 1960-கள்ல லண்டன்ல ஆராய்ச்சி பண்ணும்போது எலியோட லிவருக்குப் போற போர்ட்டல் ரத்தக்குழாய்ல ஒரு கிளையைக் கட்டிட்டுப் பாத்தாரு. அந்தப் பக்கம் லிவர் சுருங்குச்சு, ஆனா எதிர்பார்த்த மாதிரி அழுகல், அழற்சி எதுவும் பெருசா இல்ல, செல்லுங்க ஒண்ணொண்ணா தனித்தனியா சத்தமில்லாம சுருங்கி மறைஞ்சுட்டே இருந்துச்சு. அப்புறம் 1972-ல வில்லி, கர்ரி ரெண்டு பேரோட சேர்ந்து அதுக்குப் பேரு வெச்சு கட்டுரை எழுதினாரு. இதுக்கெல்லாம் முன்னாடி 1890-லயே கவுன்சில்மேன்னு ஒரு டாக்டர் மஞ்சள் காய்ச்சல்ல செத்தவங்களோட லிவர்ல இளஞ்சிவப்பா உருண்டையா சில துண்டுகளைப் பாத்து எழுதி வெச்சிருந்தாரு, அது அப்போப்டோசிஸ்ல செத்த லிவர் செல்லுன்னு பின்னாடி தான் புரிஞ்சுது.

இந்த அப்போப்டோசிஸுக்கு ஆர்டர் ரெண்டு பக்கம் இருந்து வரும். வெளிய இருந்து வந்தா செல்லோட மேல இருக்கற ஃபாஸ், டிஎன்எஃப் ரிசெப்டார்ங்கற பட்டனை யாராவது அழுத்தணும். உள்ள இருந்து வந்தா செல்லுக்கு எனர்ஜி தயாரிக்கற மைட்டோகாண்ட்ரியா ஓட்டையாகி சைட்டோகுரோம் சி-ன்னு ஒரு புரதம் கசியணும். எப்படி வந்தாலும் கடைசில வேலையை முடிக்கறது கேஸ்பேஸ்ங்கற வெட்டுற என்சைம்கள் தான். லிவர் செல்லுல வெளிய இருந்து வர ஆர்டரும் பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியா வழியா போய் பலம் ஏறினா தான் வேலை நடக்கும், அதனால மைட்டோகாண்ட்ரியா ஆரோக்கியமா இருக்கா இல்லையாங்கறது லிவருக்கு உயிர் விஷயம். இதை மனசுல வெச்சுக்கோங்க, கீழ தேவைப்படும். ஃபாஸ் எவ்வளவு ஆபத்தான பட்டன்னா, 1993-ல ஜப்பான்ல எலிக்கு அந்த ஃபாஸை அழுத்தற ஆன்டிபாடியை ஊசி போட்டாங்க, சில மணி நேரத்துலயே லிவர் மொத்தமா போய் எலி செத்துடுச்சு.

ஹெபடைட்டிஸ் பி விஷயத்துலயும் இது தான் கதை. வைரஸ் தான் லிவரை திங்குதுன்னு நினைக்கறோம், ஆனா அந்த வைரஸ் பெரும்பாலும் நேரடியா செல்லைக் கொல்லறது இல்ல, உள்ள உக்காந்து தன் பாட்டுக்கு காப்பி எடுத்துட்டு இருக்கும். வைரஸ் இருக்கற செல்லைக் கண்டுபிடிச்சு இதே ஃபாஸ் பட்டனை அழுத்தியும் வேற ஆயுதத்தாலயும் கொல்லறது நம்ம சொந்த டி செல், அதாவது பாதுகாப்புப் படையில ஒரு வகை வெள்ளை அணு. அதனால தான் ரத்தத்துல வைரஸ் கோடிக்கணக்கா இருந்தும் எஸ்ஜிபிடி நார்மலா இருக்கற ஆளுங்க இருக்காங்க.

நெக்ரோசிஸுக்கு உதாரணம் நம்ம எல்லார் வீட்டு டப்பாலயும் இருக்கு, பாராசிட்டமால். டோலோ, க்ரோசின் எல்லாம் அது தான். சரியான டோஸ்ல பாதுகாப்பான மருந்து, பயப்பட வேண்டாம், பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் தான் உச்ச வரம்பு. பெரும்பகுதியை லிவர் சுலபமா கரைச்சு அனுப்பிடும், கொஞ்சூண்டு மட்டும் என்ஏபிக்யூஐங்கற விஷமா மாறும், அதை குளூட்டதயோன்ங்கற பொருள் உடனே பிடிச்சு முடக்கிடும். டோஸ் எக்கச்சக்கமா போனா குளூட்டதயோன் தீந்துடும், அப்போ அந்த விஷம் மைட்டோகாண்ட்ரியாவோட புரதங்கள்ல போய் ஒட்டிக்கும், செல்லுக்கு எனர்ஜியே இல்லாம போயிடும். இங்க ஒரு நுணுக்கம் இருக்கு, அப்போப்டோசிஸ் ஒழுங்கா நடக்கறதுக்கும் எனர்ஜி வேணும், அது இல்லாததால செல்லு வெடிச்சு தான் சாகும், எஸ்ஜிபிடி ஆயிரக்கணக்குல ஏறும். மாத்து மருந்து என்-அசிட்டைல் சிஸ்டீன், அது குளூட்டதயோனைத் திரும்ப நிரப்பும், 8 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா ரொம்ப நல்லா வேலை செய்யும். ஆள் முதல் நாள் நல்லா தான் இருப்பாரு, அதை நம்பி வீட்ல உக்காரக் கூடாது. தினம் குடிக்கறவங்களுக்கு இந்த விஷத்தை உண்டாக்கற என்சைம் அதிகமாவும் குளூட்டதயோன் கம்மியாவும் இருக்கும், அவங்க டாக்டரைக் கேக்காம 4 கிராம் பக்கம் போகவே கூடாது.

இன்னும் நெக்ரோப்டோசிஸ், பைரோப்டோசிஸ், ஃபெரோப்டோசிஸ்னு லிஸ்ட் நீளமா போகும். மூணுமே ப்ரோக்ராம் பண்ணி வெடிக்கற சாவு, ஃபெரோப்டோசிஸ்ல இரும்பும் கெட்டுப்போன கொழுப்பும் காரணம், 2012-ல தான் அதுக்குப் பேரே வந்துச்சு. ஆரம்பத்துல இருக்கறவங்களுக்கு இவ்வளவு போதும்.

சரி, அப்போப்டோசிஸ் சுத்தமான சாவு, அதனால லிவருக்கு நல்லதுன்னு முடிவு பண்ணிடலாமா? முடியாது. அளவா நடந்தா நல்லது. தினம் தினம் ஓவரா நடந்தா வம்பு. அந்தப் பொட்டலங்களை முழுங்கறவங்கள்ல ஸ்டெல்லேட் செல்லுன்னு ஒருத்தர் இருக்காரு. சாதாரணமா அவரு வைட்டமின் ஏ-வை கொழுப்புத் துளியா சேத்து வெச்சுக்கிட்டு அமைதியா இருப்பாரு, ஆனா செத்த செல்லைத் தின்னு தின்னு, குப்ஃபர் செல்லு அனுப்பற சிக்னலையும் கேட்டு, ஆள் மாறிடுவாரு, கொலாஜன் நாரைச் சுரக்க ஆரம்பிப்பாரு. அது தான் ஃபைப்ரோசிஸ், அதோட முத்தின நிலை சிரோசிஸ். அதனால தான் சிரோசிஸ் ஆளுக்கு எஸ்ஜிபிடி சில சமயம் நார்மலா வரும், சாக செல்லே மிச்சம் கம்மி, நார் தான் அதிகம். ரிப்போர்ட்டைப் பாத்துட்டு "நார்மல் தானே மாமா"ன்னு தேத்தறவங்களுக்கு இது தெரியணும்.

இப்போ ரீசைக்ளிங் பக்கம் வருவோம். செல்லு சாகறதுக்கு முன்னாடி தன்னைக் காப்பாத்திக்க ஒரு ஏற்பாடு வெச்சிருக்கு, பேரு ஆட்டோஃபேஜி. மும்பைல இருக்கறவங்களுக்கு இதைச் சொல்ல தாராவி 13வது காம்பவுண்டை விட நல்ல உதாரணம் கிடைக்காது. ஊர் தூக்கிப் போட்ட பங்கார், அதாவது பழைய சாமான் எல்லாம் அங்க வரும், பிளாஸ்டிக்கைத் தரம் பிரிப்பாங்க, மெஷின்ல நொறுக்குவாங்க, கழுவி தகரக் கூரை மேல காய வெப்பாங்க, உருக்கி குருணையா ஆக்கி ஃபேக்டரிக்கே திரும்ப விப்பாங்க. செல்லுக்குள்ளயும் அதே தான். கெட்டுப்போன மைட்டோகாண்ட்ரியா, தப்பா மடிஞ்ச புரதம், தேங்கிப் போன கொழுப்புத் துளி இதையெல்லாம் ரெண்டடுக்கு சவ்வுப் பை ஒண்ணு வளைச்சு மூடும், பி62ங்கற புரதம் தான் எது பங்கார்னு அடையாளம் பாத்து பையில கட்டி விடுது, அந்தப் பை லைசோசோமோட போய் சேரும், லைசோசோம் அமிலமும் என்சைமும் நிறைஞ்ச நொறுக்கற மெஷின், அதுல இருந்து வர்ற அமினோ அமிலமும் கொழுப்பு அமிலமும் திரும்ப செல்லுக்கே போகும். தாராவில ஒரு வாரம் கடையை மூடினா ஊர் எப்படி நாறும்னு யோசிங்க, இதுவும் நின்னா செல்லு அப்படித் தான் ஆகும்.

இந்தக் கதையும் லிவர்ல தான் ஆரம்பிக்குது. பெல்ஜியத்துல கிறிஸ்டியன் டி டூவ், இன்சுலின் எப்படி வேலை செய்யுதுன்னு பாக்க எலி லிவரை அரைச்சுப் பிரிச்சுட்டு இருந்தாரு, தேடினது ஒண்ணு, 1955-ல கிடைச்சது லைசோசோம். 1963-ல ஆட்டோஃபேஜிங்கற பேரையும் அவரே வெச்சாரு, 1974-ல நோபல். அதுக்கு அப்புறம் ரொம்ப நாள் இந்த ஃபீல்டு தூங்குச்சு, ஜப்பான்ல யோஷினோரி ஓசுமி ஈஸ்ட்ல இதுக்கான ஜீன்களை 1990-கள்ல கண்டுபிடிச்ச பிறகு தான் எழுந்துச்சு, அவருக்கு 2016-ல நோபல் கிடைச்சுது.

லிவருக்கு ஆட்டோஃபேஜி ஏன் இவ்வளவு முக்கியம்னா, சாப்பிடாம இருக்கும்போது ரத்தத்துக்கு சக்கரை கொடுக்கற வேலை லிவரோடது, அதுக்கு மூலப்பொருள் வேணும்ல, தன் சொந்தப் புரதத்தையே உடைச்சு கொடுக்கும். இன்சுலின் ஏறினா ஆட்டோஃபேஜி குறையும், இன்சுலினுக்கு எதிரா வேலை செய்யற குளூககான்ங்கற ஹார்மோன் ஏறினா கூடும். 2009-ல நியூயார்க்ல ரஜத் சிங், மார்க் சாஜா இவங்க குழு இன்னொண்ணைக் காட்டினாங்க, லிவர் செல்லு கொழுப்புத் துளியையும் இதே வழில கரைக்குது, அதுக்கு லிப்போஃபேஜின்னு பேரு. எலி செல்லுல இந்த வழியை அடைச்சா கொழுப்பு தேங்குது.

இங்க இருந்து நம்ம ஊர் ஃபேட்டி லிவருக்கு ஒரு நேர்க்கோடு போடலாம். சோனோகிராஃபில "கிரேடு 1 ஃபேட்டி லிவர்"னு வர்றது இப்போ செம்பூர்ல வீட்டுக்கு ஒருத்தருக்கு இருக்கற மாதிரி ஆயிடுச்சு. காலைல இருந்து ராத்திரி வரைக்கும் ஏதாவது வாயில போயிட்டே இருந்தா, வயித்துல தொப்பை போட்டு இன்சுலின் எதிர்ப்பும் (உடம்பு இன்சுலின் பேச்சைச் சரியா கேக்காத நிலை) வந்தா, ரத்தத்துல இன்சுலின் எப்பவும் உசரத்துல நிக்கும், ஆட்டோஃபேஜி மந்தமாகும், கொழுப்பு கரையாம தேங்கும், தேங்கின கொழுப்பு ஆட்டோஃபேஜியை இன்னும் மந்தமாக்கும். கெட்டுப்போன மைட்டோகாண்ட்ரியாவும் வெளியேறாம அங்கேயே கிடக்கும். மேல சொன்னேன்ல, லிவர் செல்லோட சாவு மைட்டோகாண்ட்ரியா வழியா தான் போகும்னு, இப்போ ஒரு சின்னத் தூண்டுதல் வந்தாலே செல்லு சாவுப் பக்கம் சாஞ்சுடும். வெறும் கொழுப்பு மட்டும் இருக்கற லிவருக்கும், கொழுப்போட அழற்சியும் செல் வீக்கமும் இருக்கற லிவருக்கும் நடுவுல இருக்கற கோடு இது தான். முதலாவது பல பேருக்கு பல வருஷம் சும்மா கிடக்கும், ரெண்டாவது தான் நாரை நோக்கிப் போகும். 2023-ல இந்த நோயோட பேரையே என்ஏஎஃப்எல்டில இருந்து எம்ஏஎஸ்எல்டின்னு மாத்திட்டாங்க, ரிப்போர்ட்ல புதுப் பேரைப் பாத்தா புது நோய்னு பதறாதீங்க.

சாராயத்துலயும் இதே ரெண்டு கதை சேந்து நடக்கும். எலில பாத்த வரைக்கும் ஒரு தடவை குடிச்சா ஆட்டோஃபேஜி கூடி செல்லைக் காப்பாத்தப் பாக்கும், தொடர்ந்து ஊத்தினா லைசோசோமே சோர்ந்து போகும். 1911-ல ஃப்ராங்க் மாலரி குடிகாரங்களோட லிவர் செல்லுல கயிறு மாதிரி திரண்ட ஒண்ணைப் பாத்தாரு, அது என்னன்னா தப்பா மடிஞ்ச கெரட்டின் புரதமும் கூடவே அந்த பி62-ம் சேந்த கட்டி. பங்காரை அடையாளம் பாத்துக் கட்டி வெச்சாச்சு, எடுத்துட்டுப் போக வண்டி வரல. அவ்வளவு தான் விஷயம்.

எலில ஏடிஜி7ங்கற ஜீனை லிவர்ல மட்டும் எடுத்துட்டா ஆட்டோஃபேஜி நின்னு போய் லிவர் பல மடங்கு வீங்கும், பி62 குவியும், நாள் போகப் போக கட்டிங்க வரும். சரி, அப்போ ஆட்டோஃபேஜியை ஏத்தி விட்டா எல்லாம் சரியாயிடும்னு தோணுதுல்ல? யூடியூப்ல அப்படித் தான் சொல்றாங்க. எனக்கு அங்க தான் கடுப்பு. அந்த ஸ்டெல்லேட் செல்லு இருக்காரே, அவரு நாரைச் சுரக்கற வில்லனா மாறறதுக்கு எனர்ஜி வேணும், அந்த எனர்ஜியை தன் கொழுப்புத் துளியை ஆட்டோஃபேஜி பண்ணித் தான் எடுக்கறாரு, 2012-ல இதைக் காட்டிட்டாங்க. ஆக ஹெபடோசைட்ல நல்லது பண்றது பக்கத்து செல்லுல கெட்டது பண்ணுது. கேன்சர்லயும் இதே, கட்டி வர்றதுக்கு முன்னாடி ஆட்டோஃபேஜி காவல், கட்டி வந்துட்டா ரத்தம் சரியா போகாத இடத்துல அந்த கேன்சர் செல்லு பட்டினி கிடக்காம இருக்க உதவறதும் அதே ஆட்டோஃபேஜி தான்.

சாவைத் தடுக்கற பக்கமும் இப்படித் தான் மூக்கு உடைஞ்சுது. எம்ரிகாசன்னு ஒரு மாத்திரை, கேஸ்பேஸ் எல்லாத்தையும் அடைச்சிடும். பேப்பர்ல பாத்தா அற்புதம், செல்லு சாகலன்னா நாரும் வராதுல்ல. ஃபேட்டி லிவர் முத்தி நார் விழ ஆரம்பிச்ச 318 பேருக்கு 72 வாரம் வரைக்கும் சோதனை பண்ணாங்க, எஸ்ஜிபிடி கொஞ்சம் இறங்குச்சு, ஆனா பயாப்சில லிவர் சரியாகல, நார் கொஞ்சம் கூடியிருக்கலாம்னு கூட தெரிஞ்சுது. சுத்தமா சாகற வழியை அடைச்சா செல்லு வேற வழில, வெடிக்கற வழில போயிருக்கலாம்ங்கறது ஆராய்ச்சி பண்ணவங்களோட விளக்கம். எனக்கு இந்த ஒரு சோதனை தான் இந்த சப்ஜெக்டையே புரிய வெச்சுது. சாகப் போற செல்லைப் பிடிச்சு நிறுத்தறதை விட அதை அந்த நிலைக்குக் கொண்டு வந்த பாரத்தைக் குறைக்கறது தான் வேலைக்காகும். 2024 மார்ச்ல அமெரிக்கால அனுமதி வாங்கின ரெஸ்மெட்டிரோம் அந்த மாதிரி தான், லிவர்ல தைராய்டு ஹார்மோனோட ஒரு ரிசெப்டாரைத் தட்டி கொழுப்பை எரிக்க வெக்குது. 2025 ஆகஸ்ட்ல சுகருக்கும் எடை குறைக்கவும் கொடுக்கற செமாக்ளூடைடுக்கும் இதே நோய்க்கு அங்க அனுமதி கிடைச்சுது. மருந்தில்லாம பாத்தா எடைல 7-ல இருந்து 10 சதவீதம் குறைச்சா நிறைய பேருக்கு அழற்சி அடங்குது, 10-ஐ எட்டினவங்கள்ல பல பேருக்கு நார் கூட குறைஞ்சிருக்கு. காபி குடிக்கறவங்களுக்கு லிவர் நோய் கம்மின்னு பல ஆய்வுல திரும்பத் திரும்ப வருது, எலில காபி ஆட்டோஃபேஜியைக் கூட்டுது. நம்ம ஃபில்டர் காபில சக்கரையை மட்டும் பாத்துக்கோங்க.

"16 மணி நேரம் சாப்பிடலன்னா ஆட்டோஃபேஜி ஸ்டார்ட்"னு ஒரு சார்ட் சுத்துது பாருங்க, அந்த மணிக் கணக்கு கட்டுக்கதை. ஆட்டோஃபேஜி ஸ்விட்ச் போட்டா எரியற பல்பு இல்ல, எப்பவும் ஓரளவு ஓடிட்டே தான் இருக்கும், உயிரோட இருக்கற மனுஷனோட லிவர்ல அது எவ்வளவு ஓடுதுன்னு அளக்க எந்த லேப்லயும் ஒரு ரொட்டீன் டெஸ்ட் கிடையாது. ராத்திரி எட்டு மணிக்கு சாப்பிட்டு முடிச்சு காலைல வரைக்கும் வயித்தைக் காலியா விடறது நல்ல பழக்கம், அதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவங்களும், சிரோசிஸ் இருக்கறவங்களும் நீண்ட பட்டினி கிடக்கவே கூடாது, சிரோசிஸ் லிவர்ல சேமிப்பு கம்மி, ராத்திரி பட்டினிலயே தசை கரையும், அவங்களுக்கு படுக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்னச் சாப்பாடு கொடுக்கச் சொல்லி டாக்டர்களே சொல்றாங்க.

கஷாயம் விஷயம் சொல்லாம விட முடியாது. கொரோனா சமயத்துல இம்யூனிட்டிக்குன்னு கிலோய், அதாவது நம்ம சீந்தில் கொடி, வீட்டுக்கு வீடு காய்ச்சுனோம். அதைக் குடிச்ச ஆறு பேருக்கு லிவர் அடிபட்டதை மும்பை டாக்டருங்க 2021-ல எழுதினாங்க, பாத்தா உடம்போட பாதுகாப்புப் படையே லிவர் செல்லைத் தாக்கற மாதிரியான சேதம். ஆயுஷ் அமைச்சகம் அதை ஒத்துக்கல, செடியைச் சரியா அடையாளம் பாக்கலன்னு சொன்னாங்க, அதுக்கப்புறம் வேற ஊர்கள்ல இருந்தும் இதே மாதிரி கேஸ் எழுதப்பட்டுச்சு. இயற்கைனா லிவருக்கு ஆகும்னு எந்த விதியும் இல்ல, கஷாயத்தையும் அதே ஹெபடோசைட் தான் கரைக்கணும்.

கடைசியா, கைல ரிப்போர்ட் வெச்சிருக்கறவங்களுக்கு, லிவர்ல நார் முத்திருக்கான்னு தோராயமா பாக்க ஒரு கணக்கு. வயசை எஸ்ஜிஓடியால பெருக்குங்க, அது மேல. பிளேட்லெட்டை, ஒன்றரை லட்சம்னா 150-ன்னு எடுத்துக்கிட்டு, எஸ்ஜிபிடியோட வர்க்கமூலத்தால பெருக்குங்க, அது கீழ. வகுத்தா வர்றது ஃபிப்-4. 1.3-க்குக் கீழ இருந்தா முத்தின நார் இருக்க வாய்ப்பு கம்மி, 2.67-ஐத் தாண்டினா லிவர் டாக்டரைப் பாத்தே ஆகணும், நடுவுல வந்தா ஃபைப்ரோஸ்கேன், அதாவது லிவர் எவ்வளவு இறுகியிருக்குன்னு அளக்கற ஸ்கேன் எடுக்கச் சொல்லுவாங்க. 65 வயசு தாண்டினவங்களுக்கு கீழ் வரம்பை 1.3-க்குப் பதிலா 2-ன்னு வெச்சுக்கணும், இல்லன்னா நல்லா இருக்கற தாத்தா பாட்டியெல்லாம் சும்மா பயந்து ஸ்கேனுக்கு வரிசைல நிப்பாங்க.